பங்களா அம்மாவின் மருமகள்

போன வாரம் மருமகளை நாம் எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோமோ, இன்று காலையும் அவள் அதே நிலையில்தான் இருந்தாள். கையில் தேநீர்க் கோப்பை, தொண்டையில் ஒரு பொய். இரண்டும் இறங்கவில்லை. தேநீராவது ஆறினால் இறங்கிவிடும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தப் பொய்யின் பூர்வீகத்தைச் சொல்லிவிடலாம்.

மாமியார் பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே இன்ஸ்பெக்டரம்மா. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோய், இரண்டு கண்ணிலும் பார்வையின் மையம் மட்டும் காணாமல் போய்விட்டது. ஓரங்கள் பத்திரம். கூரை மூலையில் ஓடும் பல்லி தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் மகனின் முகம் தெரியாது. "கரும்பலகையில நடுவுல மட்டும் எவனோ டஸ்டரைப் போட்டுத் தேய்ச்சுட்டுப் போயிட்டான்" என்பார். மகனின் முகம் தெரியாததைப் பற்றி அவர் பெரிதாகக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தொடர்கதை படிக்க முடியாததுதான் தாங்கவில்லை.

வாரப் பத்திரிகையில் வரும் பங்களா அம்மாவின் கதை அது. பெற்ற மகளை வாசலோடு துரத்திவிட்ட ஒரு திமிர் பிடித்த பணக்காரியின் கதை. மருமகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு வாரம் அந்த எழுத்தாளர், செய்த பாவத்துக்குக் கூலியாக, பங்களா அம்மாவின் கண்களைப் பறிக்கும்வரை.

கண் போய்க்கொண்டிருக்கும் ஒருவரிடம் இதை எந்த வாயால் படிப்பது? மருமகள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "மாடிப்படியில் இடறி விழுந்ததில் பங்களா அம்மாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது" என்று படித்தாள்.

அன்றோடு கதை இரண்டாகப் பிரிந்தது. கண் போனவளும் கால் சுளுக்கியவளும் ஒரே பாதையில் எத்தனை தூரம் போக முடியும்? அடுத்த வாரத்திலிருந்து மருமகள் பத்திரிகையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு தன் சொந்தக் கதையைப் படித்தாள். அவள் வேலை பார்ப்பது காப்பீட்டு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில். 'கிடைக்காது' என்ற ஒரே சொல்லை, கிடைத்துவிட்டது போன்ற மகிழ்ச்சியோடு ஒரு பக்கத்துக்கு இழுத்து எழுதுவது அவள் பிழைப்பு. கற்பனைக்குப் பஞ்சமில்லை.

இரக்கத்தில் தொடங்கியதுதான். போகப்போக ருசி கண்டுவிட்டது. பங்களா அம்மாவின் மருமகள் போடும் தேநீரை ஊரே புகழ ஆரம்பித்தது. பங்களா அம்மா மனம் இளகி, துரத்திய மகளைத் தானே கூப்பிட்டு அனுப்பினாள்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்கும் ஒரு மகள் உண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலையும் கிடைத்து, வகுப்பறையில் மூச்சு முட்டுகிறது என்று லாரி ஓட்டப் போனவள். "ஸ்டியரிங் பிடிச்ச கையோட இந்த வாசல்ல வந்து நிக்காதே" என்று சொன்னார் அம்மா. மகளும் அப்படியே கீழ்ப்படிந்தாள். அந்த ஒரு பேச்சை மட்டும்தான் அவள் வாழ்க்கையில் கேட்டிருக்கிறாள்.

கதையில் பங்களா அம்மா மகளைக் கூப்பிட்ட மறுநாள், மாமியார் தொலைபேசியை எடுத்து, "ஒரு நடை வந்துட்டுத்தான் போயேன்" என்றார். மருமகளும் தன் பங்குக்கு, 'அத்தை மாறிட்டாங்க' என்று நாத்தனார் காதில் போட்டுவைத்தாள். மகள் இன்று மாலை வருகிறாள்.

இதுவரை கேட்டால் மருமகளுக்கு மாலை போடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அவளுக்குத் தலைமை அலுவலகத்தில் பதவி உயர்வு வந்திருக்கிறது, வேறு ஊரில். சரி என்று சொல்லிவிட்டாள். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. நாத்தனார் வந்து, ராசியாகி, அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனால் இவள் கிளம்பலாம். போன வாரம் ஆழம் பார்ப்பதற்காக, பங்களா அம்மாவின் மருமகளுக்கும் வெளியூரில் ஒரு வேலையைப் போட்டுக் கதையை நிறுத்தினாள். மாமியார், "ம்" என்றார். அவ்வளவுதான்.

இரக்கத்துக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு பெட்டி அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த நினைப்புதான் காலையிலிருந்து தேநீரை இறங்கவிடவில்லை.

"ஏய், அந்த ரிப்பன் எங்கே?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

குரலுக்குச் சொந்தக்காரர் கணவர். குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். வீட்டிலும் தலைவர்தான், தேர்தல் மட்டும் நடக்கவில்லை.

"எந்த ரிப்பன்?"

"அம்மாவுக்குப் படிக்கிற மிஷின் வருதில்ல? சும்மா பிளக்கைச் சொருகி ஆரம்பிக்க அது என்ன மிக்ஸியா?"

தலைவர் அம்மாவின் கண்ணுக்காக வாங்கிப்போட்டவை ஒரு மேஜை இழுப்பறை நிறைய இருந்தன. விளக்கு எரியும் பூதக்கண்ணாடி, கழுத்தில் மாட்டும் பூதக்கண்ணாடி, புத்தகத்தின்மேல் நிற்கும் பூதக்கண்ணாடி. ஒவ்வொன்றையும், "இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது" என்று அறிவித்தே கொடுத்திருந்தார். கண் மருத்துவமனையின் பயிற்சியாளர், ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் வெட்டிய கறுப்பு அட்டை ஒன்றை இலவசமாகத் தந்தார். மாமியார் கடிதங்களின் தலைப்பு, மருந்துப் பெயர் எல்லாம் அதை வைத்துத்தான் படித்தார். தலைவருக்கு அந்த அட்டையைக் கண்டாலே ஆகாது. அதைத் திறந்து வைக்க வழியில்லை.

அந்தப் பயிற்சியாளர்தான் பார்க்கவும் கற்றுக்கொடுத்தவர். "எழுத்தை நேராப் பாக்காதீங்கம்மா. அதுக்குக் கொஞ்சம் பக்கத்துல பாருங்க. எழுத்து தானா ஓரத்துல வந்து நிக்கும். முகத்துக்கும் அதேதான்." மாமியார் தினமும் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆணியைப் பார்த்து மணி சொல்லிப் பழகினார்.

மிஷின் மதியத்துக்கு மேல் வந்தது. அகலமான ஒரு திரை, அதற்குக் கீழே ஒரு கேமரா, அதற்கும் கீழே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரும் ஒரு தட்டு. தட்டில் புத்தகத்தை வைத்தால் எழுத்து திரையில் பெரிதாகும். மாமியார் தட்டை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, "நல்லா வழுக்குது" என்றார். குரலில் ஆசை இருந்தது. அந்த ஆசையைக் கேட்டதும் மருமகள் வீட்டில் இருக்கும் காகிதங்களை மனத்துக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

பழைய இதழ்களையெல்லாம் அவள் ஏற்கெனவே அலுவலக அலமாரிக்குக் கடத்தியிருந்தாள். வீட்டில் மிச்சமிருந்தது செய்தித்தாளும் தலைவரின் வரவேற்புரையும்தான்.

தலைவர் கைப்பேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி, திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். அங்கிருந்து அவருக்கு அம்மாவின் முகம் தெரியும். திரையின் முதுகு தெரியும். வீடியோவுக்கு அது போதும்.

"அன்பார்ந்த சங்க உறுப்பினர்களே! இருளில் இருந்த ஒரு தாய்..."

"விளக்கு எரியுதேடா" என்றார் மாமியார்.

"அம்மா, இது பேச்சு. குறுக்கே பேசாதீங்க. இருளில் இருந்த ஒரு தாய்க்கு, ஒரு மகன் ஒளியை வாங்கித் தருகிறான்!"

ரிப்பன் வெட்டப்பட்டது. தலைவர் பையிலிருந்து ஒரு பத்திரிகையை உருவினார். புத்தம்புதிய இதழ், மை வாசனை போகாதது.

"வரும்போதே வாங்கிட்டு வந்துட்டேன். அம்மா தன்னோட தொடர்கதையைத் தானே படிக்கிறாங்க. எப்படி என் ஏற்பாடு?"

மருமகள் பத்திரிகைக்கும் தட்டுக்கும் நடுவில் வந்து நின்றாள். "ஏங்க, முதல்நாளே கதை எதுக்கு? செய்தித்தாள்ல தலைப்பு பெரிசா இருக்கும். கண்ணுக்குச் சுலபம்."

"அதுல உணர்ச்சி இல்லை."

"அப்போ உங்க வரவேற்புரை? அதைவிட உணர்ச்சியா எது இருக்கு?"

தலைவர் ஒரு கணம் தடுமாறினார். இந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை. தன் சொற்கள் தன் தாயின் வாயால், அதுவும் வீடியோவில். ஏறக்குறைய சம்மதித்துவிட்டார்.

"அதைக் காதாலயே கேட்டாச்சு. கண்ணுக்காவது கொஞ்சம் கருணை காட்டுங்க" என்றார் மாமியார். "பத்திரிகையைக் கொடு."

தட்டில் பக்கம் விரிந்தது. தலைவர் எட்டி வந்து குமிழைக் கடைசிவரை முறுக்கிவிட்டுப் போனார். திரை முழுக்க வெள்ளையாக ஏதோ ஒன்று சுருண்டு படுத்தது.

"என்னடா இது, மலைப்பாம்பா?"

"அது 'ழ' அம்மா. அதுல பாதி. பெரிசு இருக்கறப்ப எதுக்குச் சின்னதுல பாக்கணும்?"

"பாதி எழுத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன படிக்கிறது? நீ சின்னப் பிள்ளையிலயும் இப்படித்தான். தட்டுல கொள்ளாத அளவுக்கு வாங்கி வெச்சுட்டு முழிப்பே."

அவரே குமிழைத் தேடிப் பிடித்து, மெதுவாகத் திருப்பினார். பாம்பு சுருங்கி எழுத்தாயிற்று, எழுத்துகள் சேர்ந்து சொல்லாயின. கறுப்புத் திரையில் வெள்ளைச் சொற்கள், ஐந்தாறு ஒரே நேரத்தில். மாமியார் அவற்றைப் பார்க்கவில்லை. திரைக்கு மேலே சுவரைப் பார்த்தார். தட்டை நகர்த்தினார். உதடு அசைந்தது.

"சத்தமா, சத்தமா!" என்றார் தலைவர்.

"இருடா. கண்ணு பழகட்டும்."

மருமகளுக்குத் திரை நன்றாகத் தெரிந்தது. ஊருக்கே தெரிகிற அளவுக்கு இருந்தது அது. அவர் முதலில் போனது முன்கதைச் சுருக்கத்துக்கு. ரயில் பெட்டிகள் போல ஒவ்வொரு சொல்லாக ஊர்ந்து போயிற்று. *பங்களா அம்மாவுக்கு... ஒரே வாரிசு... மகள்... காதலித்தவனோடு... செய்த பாவம்... பார்வையை... இழந்து...*

'இழந்து' அங்கேயே நின்றது. பிறகு நகர்ந்தது. மாமியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆய்வாளர்களுக்கு முகம் மாறாது. அது அவர்களுக்குக் கொடுக்கப்படும் முதல் பயிற்சி.

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று மருமகள் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். பிறகு பிளக் எங்கே இருக்கிறது என்று பார்த்தும் வைத்துக்கொண்டாள்.

"ம், இப்போ படிக்கிறேன்" என்றார் மாமியார். தட்டு சுருக்கத்தைத் தாண்டி இந்த வார அத்தியாயத்துக்கு வந்தது. "மழை... விட்டிருந்தது. வாசலில்... நின்ற... மகள்... அம்மா என்றாள்."

ஒவ்வொரு சொல்லும் திரையில் இருந்தபடியே வந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வீடியோவில் தெரிகிற மாதிரி ஒரு பக்கமாக நின்று.

தட்டு நகர்ந்தது. திரையில் அடுத்த வரி எழுந்து நின்றது. *எனக்கு மகளே இல்லை என்று கதவைச் சாத்தினாள்.*

மாமியார் நிறுத்தினார்.

மருமகள் பிளக் இருந்த பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். தெருமுனையில் எங்கேயோ வந்துகொண்டிருக்கும் ஒரு லாரியை அவள் மனம் பார்த்தது. ஒரு வரி. இந்த ஒரு வரியோடு அந்த லாரி திரும்பிப் போய்விடும்.

"வா உள்ளே என்று... கதவைத் திறந்தாள்" என்று படித்தார் மாமியார்.

மருமகள் திரையைப் பார்த்தாள். 'சாத்தினாள்' அங்கேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. மாமியாரின் கை தட்டை நகர்த்தவே இல்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. "அவளுடைய மருமகள் மணக்க மணக்கத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்துக்கொண்டே மூவரும் பேசத் தொடங்கினார்கள்." இப்போது திணறல் இல்லை, ஆற்றொழுக்காக வந்தது. அப்படியே மருமகளின் நடை.

"அற்புதம்! போதும்மா, போதும். கடைசியில எவ்வளவு சரளமா வந்துடுச்சு பாத்தியா? மிஷின் அப்படி!" தலைவர் வீடியோவைச் சங்கக் குழுவில் ஏற்றினார். கைதட்டும் படங்கள் குவியத் தொடங்கின. நேரில் கைதட்ட விரும்புகிறவர்களுக்கும் ஒரு வாய்ப்பு தருவதற்காகத் தெருவில் இறங்கி நடந்தார்.

கூடத்தில் இருவரும் மிச்சம். மிஷின் மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

"நிறுத்தவா அத்தை?"

"இருக்கட்டும்." மாமியார் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "பங்களா அம்மாவுக்குக் கால் இப்போ எப்படி?"

"தே... தேவலை."

"எந்தக் கால்?"

"வலது."

"போன மாசம் இடது."

மருமகள் கீழே கிடந்த ரிப்பன் துண்டைக் குனிந்து எடுத்தாள்.

"எத்தனை வகுப்பறை பாத்திருப்பேன் நான். புத்தகத்தை விரிச்சு வெச்சுட்டு மனப்பாடமா ஒப்பிக்கிற பிள்ளைங்க எல்லாத்தையும் சரியாச் செய்யும். பக்கத்தைத் திருப்ப மட்டும் மறந்துடும். நீயும் மறந்துட்டே. உன் முகம் எனக்குத் தெரியாது. மடியில இருக்கிற உன் கை நல்லாத் தெரியும்."

"அத்தை, நான்... அந்த ஆளு கண்ணைப் பத்தி எழுதினான். உங்ககிட்ட அதை எப்படி..."

"ஏதோ எனக்காகத்தான் மாத்தறேன்னு எனக்கும் தெரிஞ்சுது. விட்டுட்டேன். கேக்கவும் நல்லாத்தான் இருந்தது. அந்த ஆளு வாராவாரம் மழையைக் கொட்டறான். நீ தேவலை, குறைச்சுக்கிறே." தட்டை விரலால் தட்டினார். "ஆனா இன்னைக்குச் சுருக்கத்தைப் படிச்சேன். பங்களா அம்மாவுக்கு ஒரே மகள். பையனே கிடையாது."

மருமகள் ரிப்பன் துண்டை விரலில் சுற்றினாள்.

"பையனே இல்லாதவளுக்கு மருமகள் எங்கேருந்து வந்தா?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. அந்த மருமகள் நான்தான், கிளம்பப்போவதும் நான்தான் என்று காலையிலிருந்து தொண்டையில் நிற்கும் அதே பதில். வாயைத் திறந்தாள். அதே நேரம் வெளியே பூமி அதிர, காற்று பிரேக் ஒரு பெருமூச்சு விட்டது.

லாரி தெருவில் வந்து நின்றது என்பதைவிட, தெரு லாரிக்குள் வந்து நின்றது என்பதே பொருத்தம். இரண்டு பக்கமும் மதிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பூனை நுழையலாம், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. தலைவர் அதற்கு முன்னால் ஓடிவந்தார்.

"அக்கா! கனரக வாகனம் உள்ளே வரக்கூடாதுன்னு தெருமுனையில போர்டு வெச்சிருக்கேனே, பாக்கலையா?"

கதவு திறக்க இடமிருந்தது வீட்டு வாசலுக்கு நேரே மட்டும்தான்; அங்கே ஓட்டுநர் இருக்கையிலிருந்து நாத்தனார் குதித்தாள். கத்தரித்த முடி, முழங்கைவரை மடித்த சட்டை. "பாத்தேன் தம்பி. நின்னு படிக்கலாம்னு வண்டியைப் பின்னால எடுத்தேன். அப்புறம் போர்டைக் காணோம்."

தலைவர் தன் பெயர் பொறித்த போர்டைத் தேடிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார்.

மாமியார் வாசலுக்கு வந்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. நாத்தனார் படிக்குக் கீழே நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டாள், ஸ்டியரிங்கின் தடம் அழிந்துவிடும் என்பது போல.

"அம்மா" என்றாள்.

மாமியார் அவளைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி, பக்கத்து மதிலைப் பார்த்தார். அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

நாத்தனாரின் முகம் சுருங்கிப்போயிற்று. "தொலைபேசியில ஒரு மாதிரி பேசினீங்க. நேர்ல வந்தா அதே மூஞ்சிதான்" என்றாள். பிறகு மருமகளிடம், "நீ சொன்னியேன்னு வந்தேன். அவங்க மாறிட்டாங்கன்னு. நல்லா மாறினாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, லாரியின் கைப்பிடியைப் பற்றினாள்.

ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். மருமகள் அவிழ்ந்த செருப்போடு ஓடினாள். ஓடும்போதே ஒரு கேள்வி கூடவே ஓடிவந்தது. யாருக்காக ஓடுகிறாய்? அம்மாவுக்காகவா, மகளுக்காகவா, அடுக்கி வைத்த பெட்டிக்காகவா? பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை என்பது அப்போதைக்கு வசதியாக இருந்தது.

"அண்ணி! நில்லுங்க! அவங்க உங்களைத்தான் பாக்கறாங்க!"

"மதிலைப் பாக்கறாங்க."

"நேராப் பாத்தா உங்க முகம் மறைஞ்சு போயிடும் அண்ணி. பக்கத்துல பாத்தாத்தான் நீங்க தெரிவீங்க. அவங்க முகத்தைத் திருப்பலை. உங்களைத் தேடறாங்க. இறங்கி வந்து அசையாம நில்லுங்க, போதும்!"

நாத்தனார் மெதுவாக இறங்கினாள். திரும்பி வந்து படியடியில், வகுப்பில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி நின்றாள். மாமியாரின் கண் மதிலில் ஒரு செங்கல் இந்தப் பக்கம், ஒரு செங்கல் அந்தப் பக்கம் நகர்ந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றது.

"முடியை வெட்டிட்டியா?"

"ஆமாம்மா."

"அசையாதே. இப்போதான் அகப்பட்டே." கொஞ்ச நேரம் அந்தச் செங்கல்லையே பார்த்தார். "காதுகிட்ட நரைச்சிருக்கு உனக்கு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருமகள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். தான் போட்ட திட்டம் ஒரு குறையும் இல்லாமல் பலித்துவிட்டது. இப்படி ஒரு பாரம் நெஞ்சில் ஏறும் என்று திட்டத்தில் எழுதியிருக்கவில்லை. மெல்ல ஒதுங்கி உள்ளே நழுவப் பார்த்தாள்.

"எங்கே போறே?" என்றார் மாமியார். முகம் இன்னும் மதில் பக்கமே இருந்தது. ஓரத்தில் நகர்கிற எதுவும் அவரிடமிருந்து தப்பாது.

"தேநீர் போடலாம்னு அத்தை."

"அப்புறம் போடலாம். உள்ளே வாங்க ரெண்டு பேரும். உன் தம்பி பொண்டாட்டி எனக்கு ஒரு கதை சொல்லிக்கிட்டிருக்கா, பாதியில நிக்குது. நீயும் உக்காந்து கேளு." அவர் கையை நீட்டினார். ஸ்டியரிங் பிடித்த கை அதைப் பற்றிக்கொண்டது. "பங்களா அம்மாவோட மருமகளுக்கு வெளியூர்ல வேலை வந்துச்சு. அங்கதானே நிறுத்தினே?"

"ஆமா அத்தை."

கூடத்தில் மிஷின் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திரையில் 'சாத்தினாள்' இன்னும் போகவில்லை. மாமியார் தடவிப் போய்ச் சுவிட்சைத் தட்டினார். சொல் அணைந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, மருமகளை விட்டு ஒரு சாண் தள்ளி, ஜன்னல் கம்பியைப் பார்த்தார். அதாவது, மருமகளைப் பார்த்தார்.

"பத்திரிகை வேண்டாம். நீயே சொல்லு" என்றார். "போறாளா, இருக்காளா?"